ஊருக்கே பத்துகிற மூக்கு

என் மூக்கைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் நம்பமாட்டீர்கள். தெருமுனையில் நான் திரும்புவதற்குச் சற்று முன்னாலேயே அது திரும்பிவிடும். எதிரே வருகிறவர் ஒதுங்கி வழி விடுவார், அதற்கப்புறம்தான் நான் வந்து சேர்வேன். ஐப்பசி அடைமழையில் ஊரே நனைந்தாலும் என் மேலுதடு நனைந்ததாகச் சரித்திரம் இல்லை. காஞ்சிபுரம் - உத்திரமேரூர் தடத்தில் நான் கண்டக்டராக இருந்த காலத்தில், கூட்டம் நெரியும்போது கொஞ்சம் முகத்தைத் திருப்பினால் போதும், கம்பி என்று நினைத்துப் பிடித்துக்கொள்ள இரண்டு கைகளாவது நீளும்.

நடுவில் ஒரு மேடு. மேட்டைத் தாண்டியதும் இடது பக்கமாக ஒரு சரிவு. நுனியில் நல்ல பருமன். அதற்குக் கீழே வெள்ளை மீசை. இரண்டு அணில்கள் மூக்கு நிழலில் படுத்துத் தூங்குகிற மாதிரி இருக்கிறது என்று என் மனைவி ஆண்டாளம்மாள் சொல்வாள். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்கப்புறம் அணில்களைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை.

வேலையில் இருந்தபோது ஒரு நாளைக்கு ஆயிரம் பேராவது என் மூஞ்சியைப் பார்ப்பார்கள். அதில் பாதிப் பேர் மீதிச் சில்லறைக்காக முறைப்பார்கள். முறைப்பும் ஒரு பார்வைதானே. ஓய்வு பெற்ற மறுநாள் காலையில்தான் தெரிந்தது, அந்த ஆயிரம் பேரும் ஒரே பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள் என்று. இப்போது என்னைப் பார்ப்பது முகம் பார்க்கிற கண்ணாடியும், வேலியோரம் மேய வருகிற ஒரு ஆடும்தான். ஆடு கொஞ்சம் மரியாதையோடு பார்க்கும்.

மகள் கல்பனா பெங்களூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோ காலில் வருவாள். சமையல் வேலையாக இருப்பாள், பாவம். போனை மிக்சி மேல் சாய்த்து வைத்துவிட்டு, வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசுவாள். அவளுக்கு என் நெற்றி தெரியும். எனக்கு அவள் வீட்டு ஃபேன் தெரியும். அந்த ஃபேனின் மூன்று இறக்கைகளில் எதில் ஒட்டடை அதிகம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன்.

இப்படிப்பட்ட எனக்கு வருசத்தில் ஒரு நாள் ராஜவாழ்க்கை உண்டு.

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் வைகாசி மாதம் பாரதக் கூத்து நடக்கும். கடைசி நாள் காலையில் படுகளம், சாயங்காலம் தீமிதி. படுகளத்துக்காகக் கோயிலுக்கு எதிரே உள்ள வெளியில் ஏரிக் களிமண்ணைக் கொட்டி, துரியோதனனை மல்லாக்கப் படுக்கவைத்துச் செய்வார்கள். நாற்பது அடி இருக்கும் என்று பிறத்தியார் சொல்வார்கள். என்னைக் கேட்டால், தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்குப் போக டவுன் பஸ் விடலாம். பீமன் வேடம் கட்டியவர் அந்த மண்ணுடம்பின் மேல் ஏறித் தொடையில் அடிப்பார். உள்ளே புதைத்திருக்கும் குங்குமத் தண்ணீர்க் குடம் உடையும். பாஞ்சாலி கூந்தலை அள்ளி முடிவாள். அது முடிந்ததும் பெண்கள் பாய்ந்து ஆளுக்கு ஒரு கை மண் எடுத்துக்கொண்டு போவார்கள். அரிசி டிரம்மில் போட்டு வைத்தால் வருசம் முழுக்க அரிசி குறையாது என்று நம்பிக்கை. மற்ற ஊர்களில் கையில் அகப்பட்ட இடத்தில் எடுப்பார்கள். எங்கள் ஊரில் மூக்கில் மட்டும்தான் எடுக்க வேண்டும். ஏன் என்று யாருக்கும் தெரியாது, மாற்றிச் செய்யவும் யாருக்கும் தைரியம் கிடையாது.

அந்த மூக்கு என்னுடையது.

துரியோதனனைச் செய்கிறவன் சின்னராசு. பக்கத்தில் தாமல் ஊர்க்காரன். முதல் வருசம் அவன் வந்தபோது மீசை முளைத்தும் முளைக்காத வயசு. உடம்பு, கை, கால், கிரீடம் எல்லாம் செய்துவிட்டான். மூஞ்சி மட்டும் வரவில்லை. எப்படி வைத்தாலும் துரியோதனன் காய்ச்சல்காரன் மாதிரியே இருக்கிறானாம். பஸ் நிறுத்தத்து டீக்கடையில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அந்த நேரம் பார்த்து என் வண்டி வந்து நின்றது. முதலில் மூக்கு இறங்கியது, பிறகு நான் இறங்கினேன். அவன் எழுந்து நின்று, "அண்ணே, கொஞ்சம் அப்டியே நில்லுணா" என்றான். டிரைவர் ஹாரன் அடித்து அடித்து ஹாரனே தொண்டை கட்டிக்கொண்டது. நான் அசையவில்லை.

அன்றிலிருந்து மூக்கும் மீசையும் என்னுடையவைதான். என் பெயர் வேதகிரி. படுகளத்தன்று விடிந்ததும், கோயிலுக்கு எதிரே வேதகிரி படுத்திருக்கிறான் என்றுதான் ஊரில் பேசிக்கொள்வார்கள். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என்னையே மூன்று சுற்று சுற்றி வருவேன்.

ஆனால் உண்மையான ராஜவாழ்க்கை அன்றைக்கு இல்லை. அதற்குச் சில நாள் முன்னால். சின்னராசு மொபெட்டில் என் வீட்டுக்கு வருவான். எதிரும் புதிருமாக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போடுவேன். டீ போட்டுக் கொடுப்பேன். அவன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பான். தலையை இந்தப் பக்கம் சாய்ப்பான், அந்தப் பக்கம் சாய்ப்பான். கட்டை விரலால் காற்றில் எதையோ அழுத்துவான். இத்தனை வருசத்துக்கு அப்புறம் அவனால் கண்ணைக் கட்டிக்கொண்டே என் மூக்கைச் செய்ய முடியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் வருவான். நான் சலித்துக்கொள்கிற மாதிரி உட்கார்ந்திருப்பேன். விடியற்காலையிலேயே குளித்து, மீசை சீவி, வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தது அவனுக்குத் தெரியவேண்டிய அவசியம் இல்லை. ஒரு மனுசன் இன்னொரு மனுசனை அவ்வளவு நேரம் பார்ப்பது பெண் பார்க்கிற இடத்தில்கூட நடக்காது.

இந்த வருசம் திருவிழாவுக்குக் கூட்டம் போட்டார்கள். இளைஞர் குழுச் செயலாளர் தினகரன் செல்போனை எல்லோருக்கும் காட்டினான். நல்ல பையன். என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுகிறவன். போனில் வந்தவாசிப் பக்கத்து ஊர் ஒன்றின் படுகளம். அங்கே படுத்திருந்த துரியோதனனுக்குக் காதோரம் கோடு போட்டு முடி வெட்டியிருந்தது. தாடியை நூல் பிடித்தமாதிரி செதுக்கியிருந்தார்கள். பழுப்புக் கண். மெல்லிசு மூக்கு. மீசையே இல்லை. மூன்று லட்சம் பேர் பார்த்திருக்கிறார்களாம்.

"நம்ம ஆளு இன்னும் பழைய மாடல்லியே கீறான் பெரிப்பா. இப்ப இதான் டிரெண்டு" என்றான் தினகரன். அவன் குரலில் கொஞ்சம் பயம் இருந்தது. எல்லோரும் என் மூக்கைப் பார்த்தார்கள்.

நான்தான் முதலில் சிரித்தேன். துரியோதனனும் எத்தனை வருசத்துக்கு என் மூஞ்சியை வைத்துக்கொண்டு அடி வாங்குவான், விட்டுவிடுங்கள் பாவம் என்றேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. கோயில் மணி அதிர்ந்து தானே இரண்டு முறை அடித்ததாக நான் சொன்னால் ஊரில் மறுப்பார்கள், நீங்கள் நம்புங்கள். புதுப் படத்தைச் சின்னராசுவுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று.

வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன். உள்ளே நுழைந்ததும் சுவரோரம் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் கண்ணில் பட்டன. அப்போதுதான் உறைத்தது. படம் போனில் போய்விட்டது என்றால், சின்னராசு எதற்கு இங்கே வரப்போகிறான்?

என் மூளையும் என் மூக்கு மாதிரிதான். பெரிசு, ஆனால் கோணல். அது ஒரு யோசனை சொன்னது. அவர்களுக்கு டிரெண்டான மூஞ்சிதானே வேண்டும்? என் மூஞ்சியையே டிரெண்டாக்கிவிட்டால் என்ன? அப்புறம் சின்னராசு என்னைப் பார்க்க வந்துதானே ஆகவேண்டும்?

மறுநாளே உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பாலா நடத்துகிற சலூனுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, சுழல் நாற்காலி. தினகரனிடம் கேட்டு வாங்கிய படத்தைக் காட்டி, இந்த மாதிரி வேண்டும் என்றேன். பாலா படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். யார் சார் இது, பேரனா என்று கேட்டான். துரியோதனன் என்றேன். அவன் துண்டை எடுத்து என் கழுத்தில் கட்டினான்.

காதோரம் மெஷின் ஓடியது. தலைக்கும், ஒரு வாரமாக மழிக்காமல் விட்டிருந்த தாடிக்கும் கறுப்புச் சாயம் ஏறியது. முகத்தில் எதையெதையோ பூசி, உரித்து, மறுபடி பூசினான். பிறகு கத்தரிக்கோலை எடுத்து மீசைக்கு வந்தான். இரண்டு அணில்களும் தரையில் விழுந்தன. விழுந்ததும் எழுந்து ஓடிவிடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓடவில்லை. ஒரு பையன் வந்து பெருக்கிக்கொண்டு போனான்.

கடைசியாக மூக்கு. பாலா கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்து நின்றான். பிறகு ஒரு சின்ன டப்பாவிலிருந்து பழுப்புக் கிரீமை எடுத்து மூக்கின் இரண்டு பக்கமும் தீட்டினான். அப்படிச் செய்தால் மூக்கு மெலிந்து தெரியுமாம். அந்த டப்பாவையும் என் கையிலேயே கொடுத்து, தினமும் காலையில் பூசச் சொன்னான்.

"என்னால ஆனத பண்ணிட்டேன் சார். மூக்குக்கு மட்டும் நான் பொறுப்பு இல்ல" என்றான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருந்த கண்டக்டர் என்னிடம் வேலை பழகியவன். எங்கே கண்டாலும் வாத்தியாரே என்று எழுந்து நிற்கிறவன். அவன் என்னிடம் வந்து, "எங்க சார் போவணும்?" என்றான். சொன்னேன். டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டான். முன் சீட்டில் என் வயசுக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதே கறுப்பு, அதே தாடி, அதே கோடு. ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவர்கள் போலிருக்கிறது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரே பள்ளிக்கூடத்து யூனிபாரம் போட்ட பிள்ளைகள் மாதிரி இருந்தது.

வீட்டுக் கேட்டைத் திறக்கிறேன், பக்கத்து வீட்டு கோவிந்தம்மாள் குரல் கொடுத்தாள். அவளும் தனிக்கட்டைதான். இரண்டு மாடு வைத்திருக்கிறாள், எனக்குப் பால் ஊற்றுகிறவள்.

"யாரு வோணும்? அந்த வூட்டுக்காரரு டவுனுக்குப் பூட்டாரு."

நான்தான் என்றேன். கிட்டே வந்து பார்த்தாள். சுற்றி வந்து பார்த்தாள்.

"அய்ய. இத்துக்கு அவன் உனக்கு காசு குடுத்தானா, நீ அவனுக்குக் குடுத்தியா?"

ஞாயிற்றுக்கிழமை கல்பனா கூப்பிட்டாள். முதல் முறையாகப் போனை மிக்சியிலிருந்து கையில் எடுத்தாள். நைனா, சூப்பரா கீற, பத்து வயசு கொறஞ்சி போச்சி என்று கூவினாள். என்னைப் படம் பிடித்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டாள். வரிசையாகக் கட்டை விரல்கள் வந்து விழுந்தன. நான் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் ஒரே அளவு, ஒரே மஞ்சள். நான் தலை நிமிர்ந்தபோது போன் மறுபடி மிக்சி மேல் ஏறியிருந்தது. ஃபேன் ஓடியது.

தினமும் காலையில் பழுப்புக் கிரீமைப் பூசிக்கொண்டேன். யார் பார்க்கிறார்கள் என்று கேட்காதீர்கள். ஆடுகூட அந்த வாரம் வேலிப் பக்கம் வரவில்லை.

ஒரு நாள் முற்பகலில் மொபெட் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு நாதஸ்வரம். நாற்காலிகளைப் பிரித்துப் போட்டேன். சாயம் கலையாமல் தலையைத் தடவிக்கொண்டேன். சின்னராசு கேட்டருகே நின்று, என்னைப் பார்த்து, என்னைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

"சார், கண்டக்டர் அண்ணன் உள்ள கீறாரா?"

இதில் ஒரு சொட்டுக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

பிறகு பக்கவாட்டில் திரும்பினேன். மூக்கு காட்டிக்கொடுத்தது. அவன் வந்து உட்கார்ந்தான். டீ கொடுத்தேன். எதிரில் உட்கார்ந்து, எப்போதும் போல முகத்தை நிமிர்த்திக் கொடுத்தேன். அவன் கண் என் முகத்துக்கு வந்தது. நிற்க இடம் கிடைக்காத மாதிரி வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் தொங்கிய காலண்டரில் நின்றது.

"தினகரன் படம் அனுப்பலியா?" என்றேன்.

"அனுப்பிச்சான்."

"அப்பறம் இன்னாத்துக்கு வந்த?"

"அந்தப் படத்த எங்க ஒக்காந்தாலும் பாத்துக்குவேன். அதுல பாக்க இன்னா கீது?" டம்ளரைக் கீழே வைத்தான். "உன்னப் பாக்கத்தான் வந்தேன்ணா. உன்னக் காணோம்."

டீ பாதி இருந்தது. எழுந்து போய்விட்டான். டம்ளரைக் கழுவி வைத்தேன். நாற்காலிகளை அடுக்கினேன். பொய் சொல்வதில் நான் ஊரறிந்த ஆள். எந்தக் கஷ்டத்திலும் ஒரு கால் மணி நேரத்துக்காவது தாங்கும்படி ஒரு பொய் என்னிடம் கைவசம் இருக்கும். அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒன்றுகூட அகப்படவில்லை. படம் அனுப்பிய பிறகும் அவன் வந்திருக்கிறான். நான் ஒன்றுமே செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலே வந்திருப்பான். சாயங்காலம் வரை அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படுகளத்தன்று காலையில் நான் போகவில்லை. மேளச் சத்தம் வீடு வரை கேட்டது. வெள்ளைச் சட்டை கொடியில் தொங்கியது. பழக்க தோஷத்தில் கிரீமை மட்டும் பூசிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். ஊரே என் மூக்கு இல்லாத ஒரு மூஞ்சியைச் சுற்றி வந்துகொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இட்லி மாவு இருந்தது. ஊற்றத் தோன்றவில்லை.

வெயில் ஏறியிருக்கும், கோவிந்தம்மாள் கேட்டைத் தட்டினாள். தலைக்குக் குளித்து, மஞ்சள் நிறத்தில் சேலை கட்டியிருந்தாள். கையில் தண்ணீர்ச் செம்பு.

"கண்டக்டரே, எந்திரிச்சி வா. அங்க ஒரே பேஜாரா கீது."

என்ன என்று கேட்டேன்.

"மூக்கு பத்தல."

நடந்ததை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். சின்னராசு குறையே சொல்ல முடியாதபடி செய்திருக்கிறான். தினகரன் அனுப்பிய படம் அப்படியே மண்ணில் படுத்திருக்கிறது. தாடிக் கோட்டில் ஒரு பிசிறு கிடையாது. விடியற்காலையில் சுற்றி வந்த பெண்கள்தான் முதலில் கவனித்திருக்கிறார்கள். முருங்கைக்காய் போல ஒரு மூக்கு. ஊரில் அத்தனை வீடு இருக்கிறது. வீட்டுக்கு ஒரு கை என்றால், முதல் நாலு பேர் எடுத்ததும் மூக்கு தீர்ந்துவிடும். மற்ற வீட்டு டிரம்முக்கு எதைப் போடுவது? பேச்சு வளர்ந்து சண்டையாகிவிட்டது. ஒரு வருசம் கன்னத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்களேன் என்று தினகரன் சொல்லிப் பார்த்திருக்கிறான்.

"தாடி மண்ண எவடா அரிசில போடுவான்னு கேட்டேன். அதோட வாய மூடிக்கினான்" என்றாள்.

இத்தனை வருசமும் ஊருக்கே ஒரு மூக்கு பத்தியது என்பதை அதுவரை யாரும் யோசித்ததே இல்லை. சத்தியமாக நானும் யோசித்ததில்லை.

நான் போனபோது பூசாரி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பீமன் வேடக்காரர் கதாயுதத்தைத் தோளில் சாய்த்து நிழலில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். முகத்து அரிதாரம் வெயிலில் உருகிச் சோடாவில் சொட்டியது. சின்னராசு துரியோதனனின் மார்பின் மேல் மண்வெட்டியோடு நின்றிருந்தான். மண் இருக்கிறது, பெரிதாக வைத்துவிடலாம், ஆனால் பெரிதாக வைக்கச் சொன்னால் தனக்கு ஒரே ஒரு மூக்குதான் தெரியும் என்று அவன் சொல்லியிருக்கிறான். அதனால்தான் என்னைக் கூட்டிவர ஆள் வந்தது.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஊர் மொத்தமும். நான் பல வருசமாக ஏங்கிய பார்வை. ஆனால் யார் இந்த ஆள் என்று முன்வரிசையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. எனக்கு அப்படியே பின்னால் நழுவிவிடலாம் என்று இருந்தது. என் சட்டைக் கையைக் கோவிந்தம்மாள் பிடித்திருந்தாள். அவள் மாடு பிடிக்கிற பிடி அது. செம்பை என்னிடம் நீட்டினாள்.

"மொதல்ல மூஞ்சக் கழுவு."

கழுவினேன். பழுப்புத் தண்ணீர் சட்டையெல்லாம் வழிந்தது. ஏரிக் கரை உடைந்த மாதிரி வந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் ஒதுங்கிக்கொண்டன. அது தீர்ந்ததும் மூக்கு வெளியே வந்தது. மேடு, சரிவு, பருமன் எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன. கூட்டத்தில் யாரோ, "தோ, வேதகிரி வந்துட்டாரு" என்றார்கள்.

"அண்ணே, தலமாட்டுல ஒக்காரு" என்றான் சின்னராசு.

மண் கிரீடத்தின் மேல் உட்கார்ந்தேன். அவன் இறங்கி வந்து எதிரே குந்தி உட்கார்ந்தான். பார்த்தான். பீமன் காத்திருந்தார், பாஞ்சாலி விரித்த கூந்தலோடு காத்திருந்தாள், வெயில் காத்திருந்தது. அவன் அவசரப்படவில்லை. தலையை இந்தப் பக்கம் சாய்த்தான், அந்தப் பக்கம் சாய்த்தான். மீசை இருந்த இடத்துக்கு அவன் கண் வந்தது. கொஞ்சம் தடுமாறியது. மறுபடி மேலே போய்விட்டது. கட்டை விரல் காற்றில் அழுத்தியது.

"மூக்கு போதும். மத்ததுக்கு உங்கிட்ட இப்ப ஒண்ணும் இல்ல" என்றான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

கூடை கூடையாக மண் வந்தது. எத்தனை கூடை என்று எண்ணவில்லை. அன்றைக்கு எங்கள் ஏரி ஒரு முழம் ஆழமானது, இந்த மழைக்காலத்தில் கூடுதலாகத் தண்ணீர் நின்றால் அதற்கு என் மூக்குதான் காரணம் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். வேலை முடிந்தபோது துரியோதனனுக்குக் காதோரக் கோடு இருந்தது, செதுக்கிய தாடி இருந்தது, நடுவில் என் மூக்கு இருந்தது. பியூட்டி பார்லருக்குள் எருமை புகுந்துவிட்ட மாதிரி ஒரு முகம். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு, அந்த முகத்தில் வேறு எதையும் பார்க்க முடியவில்லை. யாரோ ஒரு பெண் குலவையிட்டாள். அப்படியே எல்லோரும் இட்டார்கள். தினகரன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஓடி ஓடி நாலு பக்கமும் படம் பிடித்தான்.

பீமன் ஏறினார். தொடை உடைந்தது. கூந்தல் முடிந்தாயிற்று. துரியோதனன் பெண்டாட்டியாக வேடம் கட்டியவர் கூத்து வழக்கப்படி முறமும் துடைப்பமுமாக வந்து தலைமாட்டில் விழுந்து அழுதார். அந்த மூக்கைக் கட்டிக்கொண்டு அவர் அழுத அழுகையில் எனக்கே கண் கலங்கிவிட்டது. எனக்கு யாரும் அவ்வளவு அழப்போவதில்லை. அதனால் இருக்கும்போதே நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

பிறகு பெண்கள் பாய்ந்தார்கள். வீட்டுக்கு ஒரு கை. எல்லோருக்கும் பத்தியது.

மத்தியானத்துக்கு மேல் ஊர் தீமிதிக் குழிப் பக்கம் போய்விட்டது. வெளியில் நானும் மண் உடம்பும் மிச்சம். மூக்கு இருந்த இடத்தில் ஒரு பள்ளம். தாடிக்கோடு கலையாமல் அப்படியே இருந்தது. அதை யாரும் தொடக்கூட இல்லை. இத்தனை வருசமும் நான் மண் எடுத்ததில்லை. மூக்குக்குச் சொந்தக்காரன் எதற்கு மண் எடுக்க வேண்டும் என்று ஒரு மிதப்பு. அன்று ஒரு பிடி எடுத்தால் என்ன என்று தோன்றிப் பள்ளத்துக்குள் கையை விட்டுத் துழாவினேன். அடியில் இருந்தது முருங்கைக்காய் மூக்கின் மண்தான். விட்டுவிட்டேன்.

சின்னராசு மண்வெட்டியைக் கழுவி மொபெட்டில் கட்டிக்கொண்டிருந்தான்.

"மீசயத் தொடாத. அடுத்த வைகாசிக்கு வரேன்."

தினகரன் வேறு படம் அனுப்புவான் என்றேன்.

"அனுப்பட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தான்.

சாயங்காலம் கோவிந்தம்மாள் பால் கொண்டுவந்தாள். பால் பாத்திரத்து மூடியின் மேல் ஒரு மண்ணுருண்டை இருந்தது. மேட்டிலிருந்து சரிவு தொடங்குகிற இடம். எனக்குத் தெரியாதா?

"என் பங்குல பாதி. ஒன்னுதுதான், எடுத்துக்க. அரிசில போடு."

என் வீட்டில் டிரம் கிடையாது. ஒரு எவர்சில்வர் டப்பாதான். அதில் போட்டு மூடினேன். ஒற்றை ஆள் பொங்குகிற அரிசி மண் போடாவிட்டாலும் குறையாது. ஆனாலும் போட்டேன்.

தினகரன் போட்ட வீடியோவைப் பத்து லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள் என்றான். அவனும் என்னைப் போலக் கூட்டிச் சொல்கிற வயசுக்கு வந்துவிட்டான் போலிருக்கிறது. கீழே நிறையப் பேர் அந்த மூக்கு யாருடையது என்று கேட்டிருக்கிறார்களாம். பதில் எழுதட்டுமா பெரிப்பா என்றான். எழுது என்றேன்.

சாயம் இப்போது வெளுத்துக்கொண்டு வருகிறது. தலை மேல் கறுப்பு, அடியில் வெள்ளை, பாதி எரிந்த வைக்கோல் போர் மாதிரி. உதட்டுக்கு மேல் அணில் குட்டிகள் எட்டிப் பார்க்கின்றன. போன ஞாயிறு கல்பனா பதறினாள். இன்னா நைனா இது, அந்த சலூனுக்கு மறுபடி போகலியா என்றாள். போகமாட்டேன் என்றேன். சொல்லிவிட்டு நகர்ந்து நகர்ந்து போனுக்குக் கிட்டே போனேன்.

"நைனா, மூக்கு மட்டுந்தான் தெரியுது."

"அத்தப் பாரு" என்றேன்.

பார்த்தாள். போனைக் கையில் எடுத்து, சிரிக்காமல், கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் குக்கர் விசில் அடித்தது. ஃபேன் ஓடியது. இறக்கையில் இருந்த ஒட்டடையைத் துடைத்திருக்கிறாள், சொல்ல மறந்துவிட்டேன்.

பிளாஸ்டிக் நாற்காலிகளை நான் இன்னும் அடுக்கவில்லை. எதிரெதிராகவே கிடக்கின்றன. ஒன்றில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். வைகாசிக்கு நிறைய நாள் இருக்கிறது. மீசை வளர அவ்வளவு நாள் வேண்டும்.